நாலு பேருக்குத் தெரிந்த வாட்ச்

என் கையில் இருப்பது காசியோ எஃப்-91டபிள்யூ. 1989ல் வந்த மாடல், கறுப்பு பிளாஸ்டிக், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், ஒரு செல் போட்டால் சுமார் 7 வருஷம் ஓடும். மாதத்துக்கு 30 விநாடி முன்னே பின்னே போகலாம் என்பது கம்பெனி கொடுக்கும் கணக்கு. ரோலெக்ஸ் தன் வாட்சுக்குக் கொடுக்கும் கணக்கு நாளைக்கு 2 விநாடி. மாதத்துக்குப் பெருக்கினால் 60. ஆக, பல லட்சம் கொடுத்து வாங்குகிற பொருள், அது எந்த வேலைக்காக உண்டானதோ அந்த வேலையிலேயே, என் பிளாஸ்டிக்கிடம் தோற்க வாய்ப்பிருக்கிறது. இது ரகசியமும் இல்லை. கடைக்காரருக்குத் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், ஆனாலும் சில ரோலெக்ஸ் மாடல்களுக்குப் பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

"எல்லாம் பந்தா" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும், கேள்வி முடியாது. 10 லட்சம் ரூபாயை நோட்டுக் கட்டாகச் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தாதான், ஆனால் அப்படி யாரும் போவதில்லை, போனால் சிரிப்பார்கள். அதே 10 லட்சத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போனால் சிரிப்பதில்லை, இன்னும் கொஞ்சம் நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடுவார்கள். பணத்தைக் காட்டுவது அநாகரிகம், பணத்தால் மட்டுமே வாங்கக்கூடிய ஒன்றைக் காட்டுவது அந்தஸ்து. இந்த விநோதத்தைத்தான் பிராண்டுகள் விற்றுக்கொண்டிருக்கின்றன.

இதை விளக்கப் பெரிய பெரிய கலைச்சொற்கள் இருக்கின்றன, சிலவற்றைப் பிறகு பார்க்கலாம். ஆனால் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: நாலு பேர். "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்கிறோமே, அந்த நாலு பேர். யார் அவர்கள், பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டுக்கு என்ன பெயின்ட் என்பதிலிருந்து பையனை எந்த காலேஜில் சேர்ப்பது என்பது வரை அவர்களிடம் கேட்டுத்தான் முடிவெடுக்கிறோம். ஒரு பிராண்டின் மதிப்பில் பாதிதான் அதை வாங்குகிறவரின் மண்டைக்குள் இருக்கிறது. மீதிப் பாதி இந்த நாலு பேரின் மண்டைக்குள், அதாவது அதை ஒருநாளும் வாங்கப் போகாதவர்களின் மண்டைக்குள் இருக்கிறது. 2022ல் ஒரு தமிழ்ப் படத்தின் கடைசியில் சில நிமிஷமே வந்துபோன வில்லனுக்கு ரோலெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தியேட்டரில் இருந்த யாருக்கும் அது என்ன பெயர் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்த வாட்சைக் கையில் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? தொட வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் போதும். டென்னிஸ் மைதானத்து ஸ்கோர் போர்டுக்கு மேலே ரோலெக்ஸ் விளம்பரம் இருக்கிறதே, டிவியில் அதைப் பார்க்கும் கோடிக்கணக்கானவர்களில் வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். அந்தக் காசு வீண் இல்லை, அதில் பெரும்பகுதி வாங்க முடியாதவர்களுக்காகத்தான் செலவாகிறது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ரோலெக்ஸை உண்டாக்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப். ஜெர்மன்காரர், 1905ல் லண்டனில் வாட்ச் வியாபாரம் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் டயலில் யார் பெயர் இருக்கும் தெரியுமா? விற்கிற கடைக்காரர் பெயர். செய்தவர் யார் என்பது உள்ளே, மூடியைத் திறந்தால் தெரிகிற இடத்தில் இருக்கும், சில சமயம் அங்கேயும் இருக்காது. வில்ஸ்டார்ஃப் 1908ல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். சின்னப் பெயர், எந்த மொழிக்காரர் வாயிலும் நுழையும், டயலில் அடங்கும். கடைக்காரர்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் பெயர் இருந்த இடம் அல்லவா. முதலில் சில வாட்சுகளில் மட்டும், அப்புறம் இன்னும் கொஞ்சத்தில் என்று தன் பெயரை ஏற்றிக்கொண்டே போனார். 1927ல் மெர்சிடிஸ் கிளெய்ட்ஸ் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதில் சிலருக்குச் சந்தேகம் வர, மறுபடி நீந்தப் போனபோது தண்ணீர் புகாத ரோலெக்ஸ் வாட்ச் ஒன்றைக் கழுத்தில் கட்டிவிட்டார் வில்ஸ்டார்ஃப். குளிர் தாங்காமல் அந்த இரண்டாவது நீச்சல் பாதியில் நின்றுபோனது. வாட்ச் நிற்கவில்லை. அடுத்த மாதம் லண்டன் செய்தித்தாளின் முதல் பக்கம் முழுக்க விளம்பரம்.

கவனிக்க வேண்டியது, அன்றைக்கு அந்த விளம்பரம் சொன்னது நிஜமான சமாசாரம். வாட்சுக்குள் தண்ணீரும் தூசியும் போய்ப் பாழாவது பெரிய பிரச்னையாக இருந்த காலம் அது. புடவையைத் தடவிப் பார்த்து வாங்கலாம், மாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம், வாட்சுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் பிடித்தது: சரக்கின் லட்சணம் விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது என்றால் நல்ல சரக்கும் மோசமான சரக்கும் ஒரே விலைக்குப் போகும், கடைசியில் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும். (2001ல் அவருக்குக் கிடைத்த நோபலுக்கு இந்த வேலையும் காரணம்.) பிராண்ட் என்பது இதற்கு ஒரு மருந்து. பெயரைக் கெடுத்துக்கொண்டால் எனக்குத்தான் நஷ்டம், ஆகவே நம்பி வாங்கு என்கிறது அந்தப் பெயர். அது நியாயமான பேரம். அப்படித்தான் எல்லாப் பெரிய பெயரும் ஆரம்பிக்கிறது.

நியாயமான பேரம் எங்கே முடிந்து நாலு பேர் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுக் காட்ட வேறு எந்தப் பொருளாலும் முடியாது, வாட்சால் முடியும். அதற்குத் தேதியே இருக்கிறது. 1969 டிசம்பர் 25. அன்று டோக்கியோவில் செய்க்கோ கம்பெனி அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் வாட்சை வெளியிட்டது. உள்ளே ஒரு சின்னப் படிகம், மின்சாரம் பாய்ந்தால் சீராக அதிரும்; இன்றைய குவார்ட்ஸ் வாட்சுகளில் அது விநாடிக்கு 32,768 முறை. சக்கரமும் சுருளும் சேர்ந்து எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தாலும் இந்த அதிர்வோடு போட்டி போட முடியாது. வேடிக்கை என்னவென்றால் அந்த முதல் அஸ்ட்ரானின் விலை 4,50,000 யென், ஒரு சின்னக் காரின் விலை. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கே உரிய விதிப்படி பத்தே வருஷத்தில் விலை தரைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தில் 1970 வாக்கில் வாட்ச் தொழிலில் இருந்தவர்கள் சுமார் 90,000 பேர். 1980களின் நடுவில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மணி சரியாகக் காட்டுவதுதான் வாட்சின் மதிப்பு என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் ஜான்-குளோட் பிவர். பிளான்பான் என்று 1735 வரை பின்னால் போகிற ஒரு பழைய வாட்ச் பெயர் செத்துக் கிடந்தது. 1980களின் தொடக்கத்தில் பிவரும் அவர் கூட்டாளி ஜாக் பிகேவும் அந்தப் பெயரை வாங்கினார்கள். தொழிற்சாலையை இல்லை, பெயரை. 22,000 சுவிஸ் பிராங்க் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஊரே குவார்ட்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் செய்த விளம்பரத்தின் சாரம் இதுதான்: 1735லிருந்து பிளான்பானில் குவார்ட்ஸ் வாட்ச் வந்ததே இல்லை, இனியும் வராது. எவ்வளவு துணிச்சல் பாருங்கள். எது குறையோ அதையே பெருமை ஆக்குவது. நாள்தோறும் சாவி கொடுத்து, நாலைந்து விநாடி பிசகி, சில வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்குப் போகிற சமாசாரம் "கைவினை" ஆனது, "பாரம்பரியம்" ஆனது. 1992ல் ஸ்வாட்ச், ஒமேகா எல்லாம் வைத்திருக்கும் குழுமத்துக்கு அந்தக் கம்பெனியை அவர்கள் விற்றபோது விலை சுமார் 6 கோடி பிராங்க். நடுவில் வாட்ச் செய்தார்கள், உழைத்தார்கள், அதையெல்லாம் கழித்துவிட முடியாதுதான், ஆனாலும் 22,000த்துக்கும் 6 கோடிக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியில் படிகமோ பல்சக்கரமோ கொஞ்சம்தான். மீதியெல்லாம் கதை. 2023ல் சுவிட்சர்லாந்து ஏற்றுமதி செய்த வாட்சுகள் 1.7 கோடிக்கும் கொஞ்சம் குறைவு, மதிப்பு 2,500 கோடி பிராங்குக்கு மேல். நேரம் பார்க்க ஒவ்வொருவர் பையிலும் செல்போன் இருக்கிற காலத்தில்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தக் கதை எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, அக்கா கல்யாணத்தில் புரிந்தது.

எங்கள் வீட்டில் வாட்ச் என்றால் எச்எம்டி. பெங்களூரில் 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டோடு அரசாங்கம் ஆரம்பித்த தொழிற்சாலை, முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், கோஹினூர் என்று மாடல்கள். அப்பா வைத்திருந்தது ஜனதா. காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, வானொலியில் செய்தி ஆரம்பிக்கும்போது நேரம் சரிபார்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தத் திருகைப் பிடித்துச் சாவி கொடுப்பார். கர்ர் கர்ர் என்று ஒரு சத்தம். அதை நாங்கள் தொடக் கூடாது. பத்தாவது பாஸ் பண்ணினால் வாட்ச் என்பது அந்தக் காலத்துப் பையன்களுக்கு எல்லா வீட்டிலும் கொடுக்கப்பட்ட, சில வீடுகளில் மட்டும் காப்பாற்றப்பட்ட வாக்குறுதி. "தேசத்தின் நேரம் காட்டுபவர்கள்" என்பது எச்எம்டியின் விளம்பர வாசகம், அன்றைக்கு அதில் பொய்யில்லை.

எச்எம்டிக்கு மேலே ஒரு படி உண்டு, அதன் பெயர் ஃபாரின் வாட்ச். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வருகிற மாமா கொண்டுவரும் சிட்டிசன், செய்க்கோ. மாமா இல்லாதவர்களுக்கு சென்னை பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பிழைக்க வேண்டும் என்று 1969ல் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் உண்டான வரிசைக் கடைகள், பிறகு ஃபாரின் சரக்குக்கே பெயர் போன இடமாகிவிட்டது. ஜப்பானில் அலுவலகம் போகிற எவரும் கட்டுகிற செய்க்கோ இங்கே ஊரில் ஒருவர் கையில்தான் இருக்கும். அது சுங்கவரியைத் தாண்டி வந்தது, கடல் தாண்டி வந்தது, அதைவிட முக்கியம், கடல் தாண்டிய ஒரு சொந்தக்காரர் உங்களுக்கு இருக்கிறார் என்று சொன்னது.

இந்த இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது டைட்டன். டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984ல் ஆரம்பித்த கம்பெனி, தொழிற்சாலை ஓசூரில். பெயரிலேயே டாடா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் இருப்பதாகச் சொல்வார்கள். (பலருக்குத் தெரியாத சங்கதி: இன்றைக்கும் டைட்டனில் டிட்கோவின் பங்கு ஏறக்குறைய 28 சதவீதம், டாடா குழுமத்துடையதைவிட அதிகம்.) அதை முதலில் நடத்திய செர்க்ஸஸ் தேசாய் எடுத்த முடிவுகளில் பெரியது, சாவி கொடுக்கும் வாட்சை விட்டுவிட்டு குவார்ட்ஸில் இறங்கியது. எச்எம்டியிடமும் குவார்ட்ஸ் இருந்தது, ஆனால் அவர்கள் மனசு சாவியிலேயே இருந்தது. ஆனால் நான் நினைக்கிறேன், டைட்டன் ஜெயித்தது குவார்ட்ஸால் மட்டும் இல்லை. அதுவரை வாட்ச் கடை என்றால் பெண்டுலக் கடிகாரங்கள் தொங்க, கண்ணாடிப் பெட்டிக்குள் தூசியோடு வாட்ச் படுத்திருக்க, ஓரத்தில் ஒருவர் கண்ணில் லென்ஸ் செருகிக்கொண்டு குனிந்திருப்பார். டைட்டன் ஏசி போட்ட ஷோரூம் திறந்தது. வாட்ச் என்பது வாங்கும் பொருள் இல்லை, பரிசாகக் கொடுக்கும் பொருள் என்று டிவியில் சொன்னது, பின்னணியில் மொஸார்ட்டின் 25வது சிம்பொனியிலிருந்து ஒரு துண்டு. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது மொஸார்ட் என்று தெரியாது. டைட்டன் மியூசிக் என்று தெரியும்.

அக்காவுக்கு வரன் முடிந்தது 1990களின் தொடக்கத்தில். மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், வாட்ச் என்று பேச்சு. பெரியப்பா எச்எம்டி போதும் என்றார், அது இரும்பு மாதிரி, பேரன் காலம் வரை உழைக்கும், ரிப்பேர் என்றால் எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும் என்று அவர் சொன்னதெல்லாம் உண்மை. அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னது இது: "உழைக்கிறது இருக்கட்டும்ணே. நாளைக்குச் சபையில நாலு பேர் மாப்பிள்ளை கையைத் திருப்பிப் பாப்பாங்க இல்ல?"

டைட்டன்தான் வாங்கினோம், தங்கக் கலர் செயின் வைத்தது. அத்தை சொன்ன மாதிரியே நடந்தது. பந்தியில் மாப்பிள்ளை சாம்பாருக்குக் கை நீட்டியபோது பக்கத்தில் இருந்த அவர் சித்தப்பா மணிக்கட்டைப் பிடித்து லேசாகத் திருப்பினார், டயலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். அவர் மணி பார்க்கவில்லை. அப்பா வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஒரு பகுதி அந்த ஒரு தலையாட்டலுக்குப் போயிற்று. அது வீண்செலவா என்று கேட்டால் எனக்கு இன்றும் சட்டென்று பதில் சொல்ல வராது. அக்கா போய் வாழப்போகிற வீட்டில் முதல் நாள் அவளுக்குக் கிடைத்த மரியாதையில் அந்தத் தலையாட்டலுக்கும் பங்கு உண்டு. பெரியப்பா பார்த்தது பொருள், அத்தை பார்த்தது அந்தப் பொருள் செய்யப்போகிற வேலை. இரண்டு பேரும் கணக்குச் சரியாகத்தான் போட்டார்கள்.

இங்கே இவ்வளவு கொடி கட்டிப் பறந்த டைட்டன் 1990களில் ஐரோப்பாவுக்குப் போனது. நல்ல டிசைன், நல்ல தரம், நிறையச் செலவு. எடுபடவில்லை, நஷ்டத்தோடு திரும்பியது. வாட்ச் அதேதான், ஓசூர் அதேதான். அங்கே அந்த நாலு பேர் இல்லை. மிலனில் ஒருவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் டைட்டன் என்ற பெயருக்கு யாரும் தலையாட்ட மாட்டார்கள், இந்தியாவில் செய்த வாட்ச் என்றால் புருவத்தை வேறு உயர்த்துவார்கள். இந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை என்று தோன்றுகிறது. பின்னால் சைலிஸ் என்று ஒரு வரிசை கொண்டுவந்தபோது அதை சுவிட்சர்லாந்திலேயே செய்யவைத்தார்கள், டயலின் அடியில் பொடி எழுத்தில் வருகிற "சுவிஸ் மேட்" என்ற இரண்டு சொல்லுக்காக. அந்த இரண்டு சொல்லுக்குச் சட்டமே இருக்கிறது: 2017லிருந்து தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது அந்த நாட்டுக்குள் நடந்திருக்க வேண்டும். 2011ல் ஃபாவ்ரே-லூபா என்ற 1737ம் வருஷத்துப் பெயரையும் டைட்டன் விலைக்கு வாங்கியது. நம் தாத்தாக்கள் காலத்தில் இந்தியாவில் நன்றாக விற்ற சுவிஸ் வாட்ச் அது. அதுவும் எதிர்பார்த்த மாதிரி எழவில்லை, பிறகு கைமாறிவிட்டது. பழைய பெயரை வாங்கினால் போதாது போலிருக்கிறது, அதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்க்கிற ஆட்களும் உயிரோடு இருக்க வேண்டும்.

ஜப்பான்காரர்களுக்கே இந்தத் தலைவலி உண்டு. குவார்ட்ஸைக் கொண்டுவந்து சுவிஸைச் சாய்த்த செய்க்கோ, சுவிஸ்காரர்களே மெச்சும்படியான வாட்சுகளை 1960லிருந்தே கிராண்ட் செய்க்கோ என்ற பெயரில் செய்துவருகிறது. ஆனால் செய்க்கோ என்றால் மலிவான குவார்ட்ஸ் என்று மேற்கில் ஊன்றிப்போன எண்ணத்தை எப்படி எடுப்பது? 2017ல் அதைத் தனி பிராண்ட் ஆக்கி, டயலின் தலைமாட்டில் இருந்த "செய்க்கோ" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். கிராண்ட் செய்க்கோ மட்டும். வில்ஸ்டார்ஃப் தன் பெயரை டயலில் ஏற்றப் படாத பாடு பட்டார், இவர்கள் தங்கள் பெயரையே இறக்கினார்கள், இரண்டும் ஒரே வியாபாரம்.

அந்தப் பெயரை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து விற்றுப் பார்த்தால் என்ன ஆகும்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1969ல் நிலவில் இறங்கியவர்கள் கட்டிப்போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், பல ஆயிரம் டாலர். 2022 மார்ச் 26 அன்று அதே உருவத்தில், பிளாஸ்டிக்கும் பீங்கானும் கலந்த உடம்பில், உள்ளே சாதாரண குவார்ட்ஸ் வைத்து, டயலில் ஒமேகா பெயரையும் அதே குழுமத்தின் மலிவு பிராண்டான ஸ்வாட்ச் பெயரையும் சேர்த்துப் போட்டு, 260 டாலருக்கு விட்டார்கள். குறிப்பிட்ட கடைகளில் மட்டும் கிடைக்கும், ஆன்லைனில் இல்லை. உலகத்தின் பல ஊர்களில் முந்தின நாள் ராத்திரியே வரிசை, தள்ளுமுள்ளு, சில இடங்களில் போலீஸ், கடையை மூடும் அளவுக்குக் கூட்டம். சில நாளிலேயே இணையத்தில் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனை. ரசிகர் மன்றத்து முதல் நாள் முதல் ஷோ டிக்கெட் தோற்றது போங்கள்.

ஹார்வி லைபன்ஸ்டைன் என்ற பொருளாதார அறிஞர் 1950லேயே இதைப் பிரித்து வைத்தார். எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதற்காக வாங்குவது ஒன்று, எல்லாரும் வாங்கிவிட்டார்கள் என்பதற்காக விட்டுவிடுவது இன்னொன்று, விலை அதிகம் என்பதற்காகவே வாங்குவது மூன்றாவது. மூன்றாவதற்கு வெப்ளென் பெயரை வைத்தார், 1899லேயே பணக்காரர்களின் காட்சிச் செலவைப் பற்றி எழுதியவர் அவர். பிரித்தது வசதிதான், ஆனால் கடையில் நிற்கிற மனுஷனிடம் இந்த மூன்றும் ஒன்றாகவே வேலை செய்கின்றன. கூட்டம் இருக்கும் வரிசையில் நிற்க ஆசை, அந்த வரிசை சின்னதாக இருக்க வேண்டும் என்றும் ஆசை. நல்ல பிராண்ட் மேனேஜருக்கு வேலையே இதுதான்: கோடிப் பேருக்குத் தெரிய வேண்டும், ஆயிரம் பேருக்குத்தான் கிடைக்க வேண்டும். டைட்டன்காரர்களே குறைந்த விலைக்கு சொனாட்டா, காலேஜ் பிள்ளைகளுக்கு ஃபாஸ்ட்ராக் என்று பெயர்களைப் பிரித்தது, மாப்பிள்ளை கையில் இருப்பதும் காய்கறிக் கடைக்காரர் கையில் இருப்பதும் ஒரே பெயராகிவிடக் கூடாது என்றுதான் என்பது என் ஊகம். ஆப்பிள் 2015ல் தங்கத்தில் 10,000 டாலரிலிருந்து வாட்ச் விட்டு, அடுத்த வருஷமே அதைக் கைவிட்டது. உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் மூன்று வருஷத்தில் பழசாகும் என்றால் வெளியே தங்கம் இருந்து என்ன செய்ய, பேரனுக்குக் கொடுக்க முடியாதே.

பார்க்க ஆளே இல்லாவிட்டால்? அப்போதும் இது வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2008ல் வெளியான கலிஃபோர்னியா ஆராய்ச்சி ஒன்றில் 20 பேரை எம்ஆர்ஐ மெஷினுக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னார்கள். உண்மையில் ஒரே 90 டாலர் ஒயின்தான் ஒருமுறை 90 என்றும் ஒருமுறை 10 என்றும் வந்தது, 5 டாலர் ஒயின் 45 ஆகவும் வந்தது. விலை ஏறியபோது ருசியாக இருந்ததாகச் சொன்னார்கள், அது கூடப் பரவாயில்லை, வாய் பொய் சொல்லலாம். மூளையில் இன்பத்தைக் கணக்கிடும் பகுதியும் அதே மாதிரி ஏறிக் காட்டியது. மெஷினுக்குள் படுத்திருப்பவரின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க சித்தப்பா யாரும் இல்லை. நாலு பேரும் உள்ளேயே குடியிருக்கிறார்கள். "நான் எனக்காகத்தான் வாங்குகிறேன், ஊருக்காக இல்லை" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அது நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பெயர் தனியாக வேலை செய்வதில்லை, ஆளோடு சேர்ந்துதான் செய்யும். காலேஜ் படிக்கும்போது சென்னைக்கு வந்த ஒரு சமயம் ஒரு நடைபாதைக் கடையில் பேரம் பேசி 300 ரூபாய்க்கு ரோலெக்ஸ் வாங்கினேன். விநாடி முள் டிக் டிக் என்று தாவியது, அது ஒன்றே போதும் டூப்ளிகேட் என்று சொல்ல, நிஜத்தில் அது வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதையெல்லாம் யாரும் கவனிக்கும் முன்பே விஷயம் முடிந்துவிட்டது. ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸில், காலில் ஹவாய் செருப்பு, தோளில் மஞ்சள் பை, கையில் ரோலெக்ஸ். கண்டக்டர் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மணி என்ன தம்பி காட்டுது உன் ரோலெக்ஸு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நாலாம் நாள் அது நின்றும் போனது. இதைத் தலைகீழாகப் போட்டால் பில் கேட்ஸ்: அவர் கையில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பது விலை குறைந்த காசியோ. என் கையில் இருக்கும் காசியோவும் அவர் கையில் இருப்பதும் ஒரே பெயர்தான், சொல்வது ஒன்றல்ல. அவரதைப் பார்த்தால் எளிமை என்பார்கள், என்னுடையதைப் பார்த்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

எச்எம்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். விற்பனை தேய்ந்து, சம்பளம் கொடுக்கவே அரசாங்கம் கடன் கொடுக்கும் நிலை வந்து, 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும்தான் கூத்து. அதுவரை அலமாரியில் தூங்கிய சரக்கை ஜனங்கள் தேடித் தேடி வாங்கினார்கள். இப்போது சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்களும் ஆன்லைனில் பைலட் மாடல் தேடுகிறார்கள்.

அப்பாவின் ஜனதாவைப் போன மாதம் ரிப்பேருக்கு எடுத்துப்போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பழைய கடை. கண்ணில் லென்ஸோடு இருந்தவர் அதைத் திறந்து பார்த்துக்கொண்டே, மேஜை டிராயரிலிருந்து இன்னொன்றை எடுத்து என் முன்னால் போட்டார். பளபளவென்று பச்சை டயல், அதில் எச்எம்டி, பைலட்.

"நல்லா இருக்கே" என்றேன்.

"உள்ள மிஷின் ஒண்ணு, கேஸ் ஒண்ணு, டயல்ல பெயின்ட் போன வாரம் அடிச்சது. பேரு மட்டும் எச்எம்டிங்க. இன்டர்நெட்ல வாங்கிட்டு வந்து ஓடலைன்னு குடுத்திருக்கார் ஒருத்தர்."

எச்எம்டிக்கே டூப்ளிகேட்டா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. யாருக்கும் தெரியாத பெயரை எவரும் போலி செய்வதில்லையே. அப்பாவுடையதன் டயல் பழுப்பேறி, 6க்குப் பக்கத்தில் ஈரம் பட்ட கறை இருந்தது, அதையும் புதுசாக மாற்றிவிட முடியுமா என்று கேட்டேன். அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாத்திராதீங்க சார். அந்தக் கறைக்குத்தான் இப்ப காசு."